டாக்டரிடம் கேளுங்கள்: ஃபைலில் எழுதியிருப்பது என்ன?

போன இதழில் குழந்தைகளின் ஹார்மோன் பிரச்சினைகளைப் பற்றிப் பேசியபோது, பிறப்புறுப்பு வேறுபட்டுப் பிறக்கும் குழந்தைகளைப் பற்றியும் நாலு வரி எழுதியிருந்தேன். அந்த நாலு வரிக்கு வந்த கடிதங்கள்தான் இந்த மாதம் மேஜை முழுக்க. ஒன்றில்கூடப் பெயர் இல்லை, ஊரும் போன் நம்பரும் மட்டும்தான். சிலருக்குப் போனிலேயே பதில் சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்கும் பயன்படும் என்று தோன்றிய ஐந்தை இங்கே தருகிறேன். அனுமதி கேட்டுத்தான் போடுகிறேன், ஊர்ப் பெயர்களையும் நம் மாவட்டத்துக்குள்ளேயே கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.

கேள்வி: டாக்டரம்மா, எங்கள் குழந்தை பிறந்து பதினோரு நாள் ஆகிறது. டிஸ்சார்ஜ் தாளில் "ஆம்பிகுவஸ் ஜெனிட்டேலியா, ப்ரேடர் 3, ?சி.ஏ.எச்." என்று எழுதியிருக்கிறார்கள். ஒரு டாக்டர் பெண் என்கிறார், ஒரு நர்ஸ் பையன் மாதிரி இருக்கிறதே என்கிறார். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் முதலில் கேட்பது "என்ன பிள்ளை?" என்றுதான். சீக்கிரமாக ஒரு ஆபரேஷன் செய்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்று என் பெரியப்பா சொல்கிறார். நானும் மனைவியும் அத்தை மகன், மாமன் மகள். அதனால்தான் இப்படியா? - ஒரு அப்பா, கருங்கல்

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தைப் பிரித்த உடனே போன் செய்தேன், ஏனென்றால் இது இதழ் அச்சாகி வரும்வரை காத்திருக்கிற விஷயம் இல்லை. அன்றைக்கே குழந்தையைத் தூக்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். ரத்தத்தில் சோடியம் இறங்கியிருந்தது, மருந்து ஆரம்பித்தார்கள், இப்போது நன்றாகப் பால் குடிக்கிறாள். மற்ற பெற்றோருக்காக மீதியை விளக்கமாக எழுதுகிறேன்.

அந்தத் தாளில் மிக முக்கியமானது 'சி.ஏ.எச்.' என்பதற்கு முன்னால் போட்டிருக்கிற கேள்விக்குறி. சந்தேகம் இருக்கிறது, சோதித்துப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம். சோதிக்காமலே வீட்டுக்கு அனுப்பியது தப்பு, அதை அப்படியே சொல்லிவிடுகிறேன்.

சி.ஏ.எச். என்பது கஞ்செனிட்டல் அட்ரீனல் ஹைப்பர்பிளேசியா. சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கிற அட்ரீனல் சுரப்பியில் ஒரு என்சைம் குறைவு. நூற்றில் தொண்ணூறுக்கும் மேல் அது '21 ஹைட்ராக்சிலேஸ்' என்கிற என்சைம்தான். அது குறைந்தால், காய்ச்சலையும் காயத்தையும் உடம்பு தாங்க உதவுகிற கார்டிசால் ஹார்மோன் சரியாகச் சுரக்காது, பலருக்கு உடம்பில் உப்பைப் பிடித்து வைக்கிற ஆல்டோஸ்டீரோனும் சுரக்காது. கார்டிசால் வரவில்லையே என்று மூளை சுரப்பியை விரட்டிக்கொண்டே இருக்கும். அந்த விரட்டலில் ஆண் ஹார்மோன் மட்டும் அளவுக்கு மேல் உற்பத்தியாகிவிடும். அம்மா வயிற்றிலேயே இது நடப்பதால், கருப்பையும் சினைப்பையும் முழுசாக இருக்கிற பெண் குழந்தைக்கும் கிளிட்டோரிஸ் (பெண்குறியின் மேல் முனையில் இருக்கிற சின்ன மொட்டு) பெரிதாக, சில சமயம் ஆண்குறி மாதிரியே தெரியும்.

தோற்றம் யாரையும் கொல்லாது. உப்பு போனால் உயிர் போகும். இது பெரும்பாலும் பிறந்த இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் வரும். வீட்டில் எல்லோரும் ஆணா பெண்ணா என்று பேசிக்கொண்டிருக்கிற அதே நாட்களில்.

பல வருஷங்களுக்கு முன்னால் புத்தளத்திலிருந்து ஒரு ஆச்சி, பதினான்கு நாள் பேரக் குழந்தையைத் துணியில் சுற்றித் தூக்கி வந்தார். அவர் உப்பளத்தில் வேலை பார்த்தவர், பாதத்தில் வெடிப்பு வெடிப்பாக இருக்கும். குழந்தைக்கு உச்சிக்குழி உள்ளே இறங்கி, நாக்கு காய்ந்து, அழுவதற்கே தெம்பு இல்லை. பால் குடித்ததை எல்லாம் கக்குகிறது என்றார். வழியில் ஒரு ஆஸ்பத்திரியில் வயிற்றுக் கோளாறு என்று சொட்டு மருந்து கொடுத்து அனுப்பியிருந்தார்கள். துணியை விலக்கிப் பார்த்தேன். பார்ப்பதற்கு ஆண் குழந்தைதான், ஆனால் விரைப்பையின் தோல் வழக்கத்துக்கு மேல் கறுத்திருந்தது, தொட்டுப் பார்த்தால் உள்ளே விரைகள் இரண்டுமே இல்லை. சோடியம் நன்றாக இறங்கி, பொட்டாசியம் ஏறிக் கிடந்தது. பிழைத்துக்கொண்டாள். ஆமாம், பெண் குழந்தை. பிறகு தினமும் ஹைட்ரோகார்ட்டிசோன், ஃப்ளுட்ரோகார்ட்டிசோன் மாத்திரைகளோடு அளந்து உப்பும் கொடுக்க வேண்டும் என்று சொன்னபோது ஆச்சி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "காலம் பூரா உப்பை வாரிக் கொட்டினவ நான், எம் பேத்தி உடம்புல உப்பு தங்காதா டாக்டரம்மா" என்று அவர் கேட்டது இன்னும் காதில் நிற்கிறது.

அதனால் அவசரம் எதற்கு என்றால் ரத்தப் பரிசோதனைக்கு: சோடியம், பொட்டாசியம், சர்க்கரை, அப்புறம் '17 ஓ.எச்.பி.' என்கிற ஹார்மோன். கூடவே கருப்பை இருக்கிறதா என்று ஒரு வயிற்று ஸ்கேன், குரோமோசோம் பார்க்கும் கேரியோடைப். கேரியோடைப் முடிவு வர நாளாகும், பரவாயில்லை. மருந்தை வாழ்நாள் முழுக்க நிறுத்தக் கூடாது. காய்ச்சல் வந்தால் ஹைட்ரோகார்ட்டிசோனை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஏற்ற வேண்டியிருக்கும். அந்த அளவை டாக்டரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கி வீட்டில் கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டி வையுங்கள். இந்தக் குறைவோடு பிறக்கும் ஆண் குழந்தைகளுக்கு வெளியே பொதுவாக வித்தியாசம் தெரியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். திடீரென்று வாந்தியும் சோர்வுமாக வந்து நிற்பது பெரும்பாலும் அவர்கள்தான்.

இனி மற்றச் சொற்கள். 'ஆம்பிகுவஸ் ஜெனிட்டேலியா' என்றால் பார்த்தவுடன் ஆணா பெண்ணா என்று சொல்ல முடியவில்லை என்பதுதான். பார்த்தவருக்குத் தெரியவில்லை என்பதை நோயின் பெயர் மாதிரி எழுதிவிடுகிறார்கள். 'ப்ரேடர்' என்பது ஆண்ட்ரேயா ப்ரேடர் என்ற சுவிட்சர்லாந்து டாக்டர் 1954-இல் வகுத்த அளவுகோல், 1 முதல் 5 வரை. எண் கூடக் கூடத் தோற்றம் ஆண் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம், நோய் முற்றுகிறது என்றில்லை.

கருவில் ஆறாவது வாரம் வரை எல்லாக் குழந்தைக்கும் ஒரே அமைப்புதான். அதே சின்ன முளைதான் ஒருத்தருக்குக் கிளிட்டோரிஸ் ஆகிறது, ஒருத்தருக்கு ஆண்குறியின் நுனி ஆகிறது. அதே மடிப்புதான் ஒருத்தருக்குப் பெண்குறியின் வெளி உதடு, இன்னொருத்தருக்கு நடுவில் ஒட்டி விரைப்பை. ஆண்களின் விரைப்பை நடுவில் தையல் போட்ட மாதிரி ஒரு கோடு ஓடும், அது அந்த ஒட்டின தடம்தான். ஒரே மாவில் இரண்டு பலகாரம் என்று தாய்மாருக்கு நான் சொல்வதுண்டு. நடுவில் எங்காவது நின்றால் அதுவும் அதே மாவுதான்.

பெரியப்பா சொல்லும் ஆபரேஷனுக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் அது அவர் விருப்பம் இல்லை, உங்கள் விருப்பமும் இல்லை. 2019 ஏப்ரல் 22 அன்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் ஒரு தீர்ப்பு கொடுத்தார். தூத்துக்குடியில் நடந்த ஒரு திருமணத்தைப் பதிவு செய்ய மறுத்ததால் வந்த வழக்கு அது. மணமகள் ஒரு திருநங்கை. அந்தத் தீர்ப்பிலேயே, இடையிலிங்கக் குழந்தைகளுக்கு, அதாவது இப்படி வேறுபட்ட உடலமைப்போடு பிறப்பவர்களுக்கு, பாலினத்தை முடிவு செய்கிற அறுவை சிகிச்சைகளைத் தடை செய்யும்படி அரசுக்கு உத்தரவிட்டார். அதே ஆண்டு ஆகஸ்ட் 13 அன்று சுகாதாரத் துறையின் அரசாணை எண் 355 வந்தது. உயிருக்கு ஆபத்தான நிலை தவிர மற்றதற்குக் கத்தி வைக்கக் கூடாது என்கிறது. இந்தியாவில் முதலில் இதைச் செய்த மாநிலம் நம்முடையதுதான். யாராவது 'கரெக்‌ஷன்', 'கிளிட்டோரோபிளாஸ்டி' (கிளிட்டோரிஸை வெட்டிச் சிறிதாக்குவது) என்று பேச்செடுத்தால், "இது உயிருக்கா, பார்வைக்கா?" என்று நேராகக் கேளுங்கள். அங்கே இருக்கிற நரம்பு வெட்டுப்பட்டால் வளர்ந்த பிறகு உணர்ச்சி போகும், தழும்பு வலிக்கும். அதைச் சுமக்கப் போவது பெரியப்பா இல்லை.

சொந்தத்தில் கல்யாணம் செய்ததால்தானா என்று கேட்டீர்கள். இருவரிடமும் அந்த மாறிய மரபணு ஒவ்வொரு பிரதி இருந்திருக்கிறது, உங்களுக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. உறவுக்குள் திருமணம் என்றால் ஒரே மரபணு இரண்டு பக்கமும் இருக்கிற சாத்தியம் கூடும், அவ்வளவுதான். உறவில்லாத தம்பதிகளுக்கும் பிறக்கிறது. அடுத்த குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அதனால் அடுத்ததைப் பற்றி யோசிக்கும் முன்னால் மரபியல் ஆலோசனைக்கு இரண்டு பேரும் சேர்ந்து போங்கள். உங்கள் மகள் ஒழுங்காக மருந்து எடுத்தால் பள்ளிக்கூடம், வேலை, விருப்பப்பட்டால் பிள்ளை பெறுவது எல்லாம் நடக்கும்.

கேள்வி: என் பேரனுக்கு ஆறு மாதம். பிறக்கும்போதே சுன்னத்தானது போல இருந்ததால் பாக்கியம் என்று எல்லோரும் சொன்னார்கள். சிறுநீர் மட்டும் அடிப்பக்கமாகப் போகிறது. டாக்டர் ஹைப்போஸ்பேடியாஸ் என்று எழுதினார். மீதியையும் சுன்னத் செய்துவிட்டால் சரியாகிவிடுமா? - தேங்காய்ப்பட்டணம்

பதில்: ஐயா, தயவு செய்து சுன்னத்தைத் தள்ளிப் போடுங்கள். ஹைப்போஸ்பேடியாஸ் என்றால் சிறுநீர்த் துளை நுனியில் இல்லாமல் அடிப்பக்கத்தில் எங்கோ திறந்திருப்பது. இருநூறு முந்நூறு ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு இருக்கிறது, அபூர்வம் இல்லை. முன்தோல் அடியில் சேராமல் மேலே மட்டும் முக்காடு போட்ட மாதிரி நிற்கும், அதனால்தான் சுன்னத்தானது போலத் தெரிகிறது. சரி செய்ய வேண்டி வந்தால் புதுச் சிறுநீர்ப் பாதைக்கு அந்தத் தோலைத்தான் சர்ஜன் பயன்படுத்துவார். இப்போதே வெட்டி எறிந்துவிட்டால் பிறகு தோலுக்கு எங்கே போவது? பழுது பார்க்கும்போதே அவர் சுன்னத்தையும் முடித்துக் கொடுத்துவிடுவார், குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணரிடம் காட்டுங்கள். துளை நுனியை ஒட்டியே இருந்து, வளைவும் இல்லாமல், நேராகச் சிறுநீர் போகிறது என்றால் ஒன்றுமே செய்யாமல் விட்டுவிடலாம் என்றும் அவர் சொல்லக்கூடும். வளைவு இருந்தால் ஃபைலில் 'கார்டீ' என்று எழுதியிருப்பார்கள்.

இன்னொன்று. இரண்டு விரைகளும் பையில் இறங்கியிருக்கின்றனவா என்று கேளுங்கள். ஒன்று இறங்காவிட்டாலும் குரோமோசோமும் ஹார்மோனும் பார்த்த பிறகுதான் மற்றது எல்லாம்.

கேள்வி: என் மகளுக்குப் பதினேழு வயது. இன்னும் சடங்கு ஆகவில்லை. மற்றபடி நல்ல வளர்ச்சி, உயரம், வகுப்பில் முதல் மூன்றுக்குள் வருகிறாள். ஸ்கேனில் கருப்பை இல்லை என்றார்கள். திருவனந்தபுரத்தில் எடுத்த ரிப்போர்ட்டில் "46 எக்ஸ்ஒய்" என்று இருக்கிறது. இங்கே ஒரு டாக்டர் சீட்டில் "மேல் சூடோஹெர்மாஃப்ரடைட்" என்று எழுதிவிட்டார். அவள் அதை நெட்டில் தேடிப் பார்த்துவிட்டு மூன்று நாள் சாப்பிடவில்லை. என் மகள் ஆணா? வயிற்றுக்குள் இருப்பதை உடனே எடுக்காவிட்டால் கேன்சர் வரும் என்கிறார்களே? - ஒரு தாய், தோவாளை

பதில்: அம்மா, உங்கள் மகள் பெண். பதினேழு வருஷமாக அவள் யாராக இருக்கிறாளோ, நேற்றும் இன்றும் அவளேதான். இதை நீங்கள் வாய்விட்டு அவளிடம் சொல்லுங்கள், இன்றைக்கே.

அந்தச் சீட்டில் உள்ள சொல்லுக்கு வருவோம். 1876-இல் எட்வின் கிளெப்ஸ் என்ற ஜெர்மானிய மருத்துவர், உள்ளே இருக்கிற சுரப்பி விரையா சினைப்பையா என்பதை மட்டும் வைத்து மனிதர்களைப் பிரித்தார். இரண்டும் இருந்தால் 'உண்மையான' ஹெர்மாஃப்ரடைட், விரை மட்டும் இருந்து வெளித்தோற்றம் வேறாக இருந்தால் 'போலி' ஆண் வகை, சினைப்பை இருந்தால் 'போலி' பெண் வகை. 'சூடோ' என்றால் போலி. ஒரு பிள்ளையின் உடம்பைப் போலி என்று எழுதுவதற்கு எப்படிக் கை வந்தது என்று எனக்குப் புரியவில்லை, ஆனால் நான் படித்த பாடப்புத்தகத்திலும் அப்படித்தான் இருந்தது, நானும் மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதினேன். 2005-இல் சிகாகோவில் நிபுணர்கள் கூடிப் பேசி, 2006-இல் அந்தச் சொற்களை எல்லாம் கைவிடச் சொன்னார்கள். அதற்குப் பதில் வந்தது 'டிசார்டர்ஸ் ஆஃப் செக்ஸ் டெவலப்மென்ட்', சுருக்கமாக 'டி.எஸ்.டி.' இதில் முதல் 'டி' கோளாறு என்ற பொருளில் வைத்தது. அதையும் பலர் ஏற்கவில்லை, வேறுபாடு என்றே சொல்கிறார்கள், நானும் அப்படித்தான் எழுதுகிறேன். டாக்டரிடம் திரும்பப் போய், அந்தச் சொல்லை அடித்துவிட்டுப் புதிதாக எழுதித் தரும்படி கேளுங்கள். சண்டை வேண்டாம், ஆனால் கேளுங்கள். நாளைக்கு வேறு ஆஸ்பத்திரியில் அந்தத் தாளைத்தான் முதலில் படிப்பார்கள்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் 'கம்ப்ளீட் ஆண்ட்ரோஜன் இன்சென்சிட்டிவிட்டி', சுருக்கமாக சி.ஏ.ஐ.எஸ். ஆக இருக்கலாம். ரிப்போர்ட்டில் 46 என்பது குரோமோசோம்களின் எண்ணிக்கை; வழக்கமாகப் பெண்களுக்கு எக்ஸ்எக்ஸ், ஆண்களுக்கு எக்ஸ்ஒய். அந்த ஒய் குரோமோசோமில் உள்ள 'எஸ்.ஆர்.ஒய்.' என்ற மரபணு சொன்னபடி உள்ளே விரை உருவாகிறது. அது இரண்டு வேலை செய்கிறது. ஒரு ஹார்மோனை விட்டுக் கருப்பை உருவாகாமல் தடுக்கிறது, இன்னொன்று டெஸ்டோஸ்டீரோன். இவளுடைய செல்களில் டெஸ்டோஸ்டீரோனைக் கேட்கிற காது இல்லை. எவ்வளவு சுரந்தாலும் உடம்புக்குக் கேட்காது. அதனால் வெளி உறுப்பு பெண்ணுடையதாகவே வளர்கிறது. அந்த டெஸ்டோஸ்டீரோன் உடம்பிலேயே ஈஸ்ட்ரோஜனாக மாறி மார்பு வளர்ச்சியைக் கொடுக்கிறது. அக்குளிலும் கீழேயும் முடி குறைவாக இருக்கும், இல்லாமலும் போகும். சின்ன வயதில் இவளுக்குக் குடலிறக்கம் என்று அடிவயிற்றில் ஏதாவது ஆபரேஷன் நடந்ததா என்று நான் போனில் கேட்டேன், ஒன்றரை வயதில் நடந்தது என்றீர்கள். பெண் குழந்தைக்கு அங்கே வீக்கம் வந்தால் உள்ளே இருப்பது குடல்தானா, இறங்கி வந்த விரையா என்று பார்க்க வேண்டும், அன்றைக்கே தெரிந்திருக்கலாம்.

கேன்சர் பயம் பற்றி. சி.ஏ.ஐ.எஸ். என்று உறுதியானால், வளரிளம் பருவம் முடியும்வரை ஆபத்து மிகக் குறைவு. அந்தச் சுரப்பிதான் அவளுக்கு ஈஸ்ட்ரோஜன் தருகிறது, எலும்புக்குப் பலம் தருகிறது. எடுத்துவிட்டால் பல வருஷம் ஹார்மோன் மாத்திரை சாப்பிட வேண்டும். வைத்துக்கொண்டு ஸ்கேனில் கண்காணிப்பதா, பிறகு எடுப்பதா என்பதைப் பதினெட்டு தாண்டி அவளே முடிவு செய்யலாம். ஆனால் 'ஸ்வையர் சிண்ட்ரோம்' என்று இன்னொன்று உண்டு. அதிலும் 46 எக்ஸ்ஒய்தான், ஆனால் கருப்பை இருக்கும், சுரப்பி வளராமல் நார் மாதிரி கிடக்கும், அதில் கட்டி வரும் ஆபத்து நிஜமாகவே அதிகம், சீக்கிரம் எடுக்கத்தான் சொல்வோம். குரோமோசோம் எண் ஒன்றே, செய்ய வேண்டியது நேர் எதிர். அதனால்தான் எண்ணை மட்டும் பார்த்துக் கத்தியை எடுக்கக் கூடாது என்கிறேன். 46 எக்ஸ்எக்ஸ் என்றே வந்து, சினைப்பைகள் நன்றாக இருந்து, கருப்பை மட்டும் இல்லாத பெண்களும் இருக்கிறார்கள். அது 'எம்.ஆர்.கே.எச்.', ஏறக்குறைய ஐயாயிரம் பெண்களில் ஒருவருக்கு.

இவளால் கர்ப்பம் தரிக்க முடியாது. அதை மறைக்காதீர்கள், வேறு யாராவது சொல்லித் தெரிந்துகொண்டால் காயம் பெரிசு. ஆனால் ரிப்போர்ட்டை மாமா, சித்தி, சம்பந்தம் பேச வருகிறவர்கள் கையில் கொடுக்க வேண்டிய கட்டாயம் ஒன்றும் இல்லை. அது அவளுடைய தாள். 2006-இல் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கிய புதுக்கோட்டை சாந்தியை நினைத்துப் பாருங்கள். ஒரு பாலினப் பரிசோதனை முடிவைச் சொல்லிப் பதக்கத்தைப் பறித்தார்கள், ஊருக்கெல்லாம் தெரிய டிவியில் ஓடியது. அந்தப் பெண் ஓடிய ஓட்டத்தை யாரும் பேசவில்லை.

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்புக்கு விலங்கியல் எடுக்கிறேன். இடையிலிங்கம் என்றால் திருநங்கைதானே என்று ஒரு மாணவன் கேட்டான். இரண்டும் ஒன்றா? எத்தனை பேர் இப்படிப் பிறக்கிறார்கள்? - மார்த்தாண்டம்

பதில்: டீச்சர், ஒன்றில்லை. இடையிலிங்கம், ஊடுபால் என்பதெல்லாம் உடம்பின் அமைப்பைப் பற்றிய சொற்கள்: குரோமோசோம், சுரப்பி, உறுப்பு. திருநங்கை, திருநம்பி என்பது தன்னை யாராக உணர்கிறார் என்பது. பெரும்பாலான திருநங்கைகளின் உடம்பில் பிறப்பில் இந்த வேறுபாடு கிடையாது. இடையிலிங்கத்தவர் பலர் தங்களை ஆண் என்றோ பெண் என்றோதான் உணர்கிறார்கள். 2019-இன் மத்தியத் திருநர் பாதுகாப்புச் சட்டம் இருவரையும் ஒரே வரையறைக்குள் வைத்துவிட்டதால் குழப்பம் கூடியிருக்கிறது.

எண்ணிக்கை, எதை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தது. பிறந்தவுடன் பார்த்துச் சொல்ல முடியாத குழந்தைகள் என்றால் ஏறத்தாழ 4,500-க்கு ஒருவர். டர்னர் சிண்ட்ரோம் (பெண்ணுக்கு ஒரு எக்ஸ் குரோமோசோம் குறைவது) மட்டும் இரண்டாயிரம், இரண்டாயிரத்து ஐந்நூறு பெண்களில் ஒருவர். குரோமோசோம், ஹார்மோன் வேறுபாடு எல்லாவற்றையும் சேர்த்தால் நூற்றுக்கு 1.7 என்று ஒரு கணக்கு உண்டு, அதை மிகை என்று மறுப்பவர்களும் உண்டு. வகுப்பில் எண்ணைவிட அந்த ஒரே மாவுக் கதையைச் சொல்லுங்கள். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளைக்கு அது தன் கதையாகவே இருக்கலாம், அதனால் சிரிப்பு வராத மாதிரிச் சொல்லுங்கள்.

கேள்வி: நான் கிராம சுகாதார செவிலியர். பிரசவம் ஆனவுடன் என்ன குழந்தை என்று கேட்கும்போது, தெரியவில்லை என்றால் என்ன சொல்வது? - குலசேகரம் பக்கம்

பதில்: சிஸ்டர், தெரியாததை ஊகித்துச் சொல்லாதீர்கள், ஒரு தடவை சொன்னது ஊரைச் சுற்றி வந்துவிடும். முகம் சுளிக்காமல், குழந்தையைத் தாயின் மார்பில் போட்டுவிட்டு, "பிள்ளை நல்லா அழுகிறது, உறுப்பு வளர்ச்சி இன்னும் முழுசாகத் தெளியவில்லை, ரெண்டு மூணு டெஸ்ட் பார்த்துச் சொல்கிறோம்" என்று சொல்லுங்கள். இரண்டு விரையும் கைக்குத் தட்டுப்படுகிறதா என்று ஒவ்வொரு 'ஆண்' குழந்தைக்கும் தொட்டுப் பாருங்கள். இரண்டுமே இல்லை என்றால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். பிறப்பைப் பதிவு செய்யும்போது பெயரை விட்டுவிடலாம், ஒரு வருஷத்துக்குள் கட்டணம் இல்லாமல் சேர்த்துக்கொள்ளலாம் என்பதையும் அவர்களுக்குச் சொல்லுங்கள். அதுவரைக்கும் நம் பேச்சிலேயே வழி இருக்கிறது: குழந்தை பால் குடித்தது, குழந்தை தூங்குகிறது.